ஈப்புலிக் குஞ்சு வளர்ப்பு: கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள்

எங்கள் குசினி யன்னல் மூலையில் ஈப்புலி (பாய்ந்து ஈ பிடிக்கும் சின்னச் சிலந்தி) ஒன்று வெள்ளைப் பட்டுக்கூடு கட்டி முட்டையைக் காத்துக்கொண்டிருந்தது. தும்புத்தடியோடு வந்த அம்மாவை மறித்துவிட்டேன். குஞ்சுகள் கூட்டை விட்டு வெளிக்கிட்டதும் பத்தைப் பிடித்தேன். இப்போது நாலு மிஞ்சி, நன்றாக வளர்ந்திருக்கின்றன.

முதலிலேயே ஒன்று: புலிமுகச் சிலந்தியை, அதாவது மரத்தில் வாழும் அந்தப் பெரிய மயிர்ச் சிலந்தியை, பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள். அது இங்கே இலங்கையில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம். 2019 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) பட்டியலிலும் இருக்கிறது. கடித்தால் தசைப்பிடிப்பு வரும். மரத்தில் வாழும் சிலந்தி மேல் ஆசை இருந்தால் ஈப்புலியில் தொடங்குங்கள்.

சரி, வீடு. மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் சோஸ் கோப்பை போதும். குஞ்சுக்கு ஒரு கோப்பை. சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில், சூடாக்கிய மெல்லிய தையல் ஊசியால் துளை போடுங்கள். நான் முதலில் குண்டூசியால் குத்தினேன், இரண்டு குஞ்சு அதற்குள்ளால் நழுவிப் போய்விட்டன. உள்ளே ஒரு முருங்கைக் குச்சி.

நான் மாட்டுப்பட்டது அடுத்ததில். ஈப்புலி பெரும்பாலும் உச்சியில்தான் கூடு கட்டும். கோப்பையை வழக்கம்போல நிமிர்த்தி வைத்தால் அந்த உச்சி மூடிதான். சாப்பாடு போட மூடியைத் திறக்கிறோம், கூடு கிழிகிறது, அது இரவெல்லாம் திரும்பக் கட்டுகிறது. மூன்று தரம் இப்படிக் கிழித்தேன். மூன்றாவது தரம் அது தோல் உரித்துக்கொண்டிருந்தது. கால்கள் பாதி வெளியே வந்தபடி செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் கோப்பையைக் கவிழ்த்தேன். மூடி இப்போது தரை, கோப்பையின் அடிப்பாகம் கூரை. கூடு மேலே, நாங்கள் கீழே திறக்கிறோம். மரத்தில் வாழும் எந்தச் சிலந்திக் குஞ்சுக்கும் இதே யோசனை பொருந்தும்.

சாப்பாட்டுக்குப் பழ ஈ. நன்கு பழுத்த கதலிப்பழத்தை ஜாம் போத்தலில் போட்டு அதன் வாயில் கடதாசிக் கூம்பு வைத்தால் தானே வந்து விழும். பத்து நாள் அளவில் அடுத்த தலைமுறையும் வந்துவிடும். எடுப்பதற்கு முன் போத்தலை இரண்டு மூன்று நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். ஈக்கள் மரத்து விழுந்ததும் ஒன்றிரண்டைத் தட்டி விடலாம். குஞ்சின் வயிறு உருண்டிருந்தால் அன்று போட வேண்டாம். கூட்டை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் வெளியே வராவிட்டால் தோல் உரிக்கப் போகிறது. அப்போது உயிருள்ள ஈ எதையும் உள்ளே விடாதீர்கள்.

தண்ணீருக்குப் பலர் ஸ்பிரே போத்தல் என்பார்கள். எனக்குப் பிடிக்காது, ஒரு அழுத்தில் கோப்பையே குளமாகிவிடும். ஈர்க்கு நுனியில் தொட்டெடுத்த ஒரு துளியைச் சுவரில் ஒற்றினால் போதும். வறண்ட சோளகக் காற்று வீசும் காலத்தில் தினமும், மாரியில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. மாரியில் கூடுதலாக விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பின்சேர்க்கை: எறும்பு வருகிறதென்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பழைய சாப்பாட்டு அலுமாரிக் காலுக்குச் செய்வதுபோல, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் கோப்பைகளை வையுங்கள்.

இன்னொன்று, நுளம்புத்திரி. மாரியில் ஒரு இரவு பழக்கதோசத்தில் அந்த அறையில் கொளுத்திவிட்டேன். விடிய மூன்று குஞ்சு காலை மடக்கிக்கொண்டு கிடந்தன. இப்போது அந்த அறையில் நுளம்பு வலை மட்டும்தான்.