பந்து வரும் முன்பே ஓடத் தொடங்குவது எப்படி: ஜேமி வார்டியைப் பார்த்துப் பழகுங்கள்

கால்பந்தில் கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கராக ஆசைப்படும் பசங்க பலரும் நேராக கோல் அடித்துப் பழகப் போய்விடுகிறார்கள். அது அப்புறம், முதலில் இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் வார்டியின் ஓட்டத்தைப் பாருங்கள்.

2015 நவம்பர் 28, லெஸ்டர் சிட்டிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நடந்த ஆட்டம். யுனைடெட்டின் கார்னரைப் பிடித்த லெஸ்டர் கீப்பர் ஷ்மைக்கல் பந்தை உடனே சக வீரர் ஃபுக்ஸிடம் எறிய, ஃபுக்ஸ் அதை ஓட்டிக்கொண்டு வந்து டிஃபெண்டர்களுக்குப் பின்னால் தள்ளிவிட, அங்கே வார்டி பாய்ந்து போய் யுனைடெட் கீப்பர் டி ஹேயாவைத் தாண்டி தாழ்வாகக் குறுக்கே அடித்துவிட்டார். பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் என்ற சாதனை அதோடு அவருடையதானது. வீடியோவில் பந்தை விட்டுவிட்டு வார்டியை மட்டும் பாருங்கள்.

இனி மைதானத்துக்கு வாருங்கள். கடைசி டிஃபெண்டரின் முதுகுப்பக்கத் தோளை ஒட்டி நில்லுங்கள். உங்களையும் பந்தையும் அவரால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பாஸ் கொடுப்பவர் தலை நிமிர்வதற்குள் நேராக ஓடிவிட்டால் ஆஃப்சைடுதான் (பாஸ் வரும் நொடியில் டிஃபெண்டர்களைத் தாண்டி நிற்கும் தவறு). அதனால் முதலில் டிஃபெண்டர்களின் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுங்கள், பாஸ் கொடுப்பவரின் கால் பந்தைத் தொடும் அந்த நொடியில் வளைந்து உள்ளே பாயுங்கள். கால் பந்தை முதலில் தொடும் கணம்தான் கணக்கு, டிஃபெண்டருக்கு நேர்கோட்டில் இருந்தால் தப்பில்லை. பத்து முறை ஓடினால் ஒன்பது முறை பந்து வராது, ஆனாலும் ஓட வேண்டும்! இதில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள்.

கிளப் உங்களை வேண்டாம் என்றால்? வார்டியை 16 வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே ரொம்பச் சின்னப் பையன் என்று அனுப்பிவிட்டது. அவர் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடிக்கொண்டே தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். 2012-ல் 10 லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் வாங்கியது. முதல் சீசன் சரியாகப் போகாமல் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். 2016-ல் அதே லெஸ்டர் பிரீமியர் லீக் சாம்பியன், அந்த சீசனில் அவருக்கு 24 கோல். 2020-ல், லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கும்போது வயது 33.

ஆகவே பெரிய கிளப்பின் தேர்வுக்காகக் காத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒவ்வொரு வாரமும் முழு ஆட்டம் ஆடவிடும் சின்ன கிளப் எதுவோ, அதில் சேருங்கள்.