ஐ-20 படிவம்: பெறும் முறையும் காக்கும் முறையும்

அமெரிக்காவில் படிக்கச் செல்பவர்கள் எஃப்-1 விசாவுக்காகப் படும் கவலையில் பாதியைக்கூட, மாணவர் என்ற தகுதிக்குச் சான்றாகும் ஐ-20 படிவத்துக்காகப் படுவதில்லை. விசா அந்நாட்டின் வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கு உரியது. உள்ளே சென்றபின் அது காலாவதியானாலும் படிப்பு தடைபடாது. ஐ-20 செல்லாமல் போனாலோ, விசாவில் இன்னும் ஆண்டுகள் மீதமிருந்தாலும், மாணவர் என்ற தகுதி பறிபோய்விடும்.

இப்படிவத்தைத் தூதரகம் தருவதில்லை. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அமெரிக்க அரசின் சான்று பெற்ற கல்வி நிறுவனம் மட்டுமே தர முடியும். சேர்க்கை உறுதியானதும், அந்நிறுவனத்தில் டி.எஸ்.ஓ. என்று அழைக்கப்படும் அதிகாரி, செவிஸ் என்னும் அரசுத் தரவுத்தளத்தில் மாணவரின் விவரங்களைப் பதிந்து, அதிலிருந்தே படிவத்தை உருவாக்குகிறார். கையில் இருக்கும் தாள் அந்தப் பதிவின் அச்சு வடிவம்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் விதிகள் பலவும் தாமாகவே விளங்கிவிடும்.

படிவம் வழங்குமுன் டி.எஸ்.ஓ. முக்கியமாகக் கேட்பவை பாஸ்போர்ட் நகலும் பணத்துக்கான சான்றும். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து முதலாண்டுக்கான செலவை நிறுவனமே கணக்கிட்டுச் சொல்லும். அதற்குக் குறையாத தொகையை வங்கி இருப்பு, ஒப்புதல் பெற்ற கல்விக்கடன், உதவித்தொகை ஆகியவற்றின் வழியாகக் காட்ட வேண்டும். வீடு, நிலம் போன்ற, உடனே பணமாக்க முடியாத சொத்துகளின் மதிப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. பெற்றோரோ உறவினரோ செலவை ஏற்பதானால், அவர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம் தேவைப்படும். அக்கடிதத்திலும் வங்கிச் சான்றிலும் அவர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தபின் அனுப்புவது நல்லது.

படிவம் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகிறது. வந்த மகிழ்ச்சியில் மூடி வைத்துவிடாமல், முதல் பக்கத்தைப் பாஸ்போர்ட்டுடன் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அப்பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் வந்திருக்கும், அது பிழையன்று. பிறந்த தேதி, பாடத்துறை, படிப்பு தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றில் பிழை இருந்தால், விசா நேர்காணலுக்கு முன்பே திருத்தம் கேட்க வேண்டும். எல்லாம் சரியென்றால் முதல் பக்கத்தின் அடியில் மாணவர் கையொப்பமிட வேண்டும். 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பமும் வேண்டும்.

அதே பக்கத்தில் ஆங்கில எழுத்து ‘என்’னில் தொடங்கிப் பத்து இலக்கங்களுடன் இருப்பது செவிஸ் எண். 350 டாலர் செவிஸ் கட்டணத்தை இந்த எண்ணைக் குறிப்பிட்டே நேர்காணலுக்கு முன் செலுத்த வேண்டும். விசா விண்ணப்பக் கட்டணம் வேறு. பல நிறுவனங்களிலிருந்து ஐ-20 வந்திருந்தால் ஒவ்வொன்றிலும் எண் மாறுபடும். உறுதியாகச் சேரப்போகும் நிறுவனத்தின் எண்ணுக்கு மட்டும் கட்டினால் போதும்; பிறகு மனம் மாறினால் அத்தொகையைப் புதிய எண்ணுக்கு மாற்றவும் வழியுண்டு.

படிப்பு தொடங்குவதற்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக உள்ளே நுழைய முடியாது. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி பாஸ்போர்ட்டுடன் ஐ-20ஐயும் கேட்பார் என்பதால், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்; பெட்டியில் வைத்து ஏற்றிவிட்டால் அந்த இடத்தில் அது கைக்கு வராது. சென்று சேர்ந்ததும் டி.எஸ்.ஓ.விடம் வருகையைத் தெரிவிக்க வேண்டும். தொடக்க நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் மாணவரின் பதிவைச் செவிஸில் உறுதிசெய்தாக வேண்டும்.

இதன்பின் படிவத்தைக் காப்பது என்பது, மாணவரின் நிலையில் ஏற்படும் மாற்றங்களுக்கு ஏற்பச் செவிஸ் பதிவும் மாறிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பாடத்துறையோ செலவுக்கான பணத்தின் ஆதாரமோ மாறினாலும் தெரிவித்துப் புதுப்பிக்க வேண்டும். இளநிலை மாணவர் ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) எடுக்க வேண்டும். முழுக்க இணையவழியில் நடக்கும் பாடங்களில் ஒன்று மட்டுமே, அதுவும் 3 கிரெடிட் வரை, இந்தக் கணக்கில் சேரும். மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் கருத்து. 12 கிரெடிட் எடுத்த ஒருவர், கடினமாக இருக்கிறதென்று பருவத்தின் நடுவில் 3 கிரெடிட் பாடம் ஒன்றை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் சம்மதித்துவிட்டார், இணையதளமும் தடுக்கவில்லை. ஆனாலும் டி.எஸ்.ஓ.வின் முன் அனுமதி இல்லாவிட்டால் அவர் தகுதியை மீறியவராகிவிடுவார். நோய் காரணமாகப் பாடச்சுமையைக் குறைக்கவும், மருத்துவரின் கடிதத்துடன் முதலிலேயே அனுமதி பெற வேண்டும்.

அடுத்து, படிப்பு முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். ஆய்வோ பாடங்களோ முடியாதென்று தெரிந்தால், அந்த நாளுக்கு முன்பே நீட்டிப்புப் பெற வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் டி.எஸ்.ஓ.வால் நீட்டித்துத் தர இயலாது. நீட்டிப்புக்குப் படிப்பு அல்லது உடல்நலம் சார்ந்த தக்க காரணமும், மீதிக் காலத்துக்கான பணச் சான்றும் தேவை.

விடுமுறைக்கு வெளிநாடு செல்பவர் இரண்டாம் பக்கத்தில் பயணத்துக்கான டி.எஸ்.ஓ. கையொப்பம் பெற்றிருக்க வேண்டும். படிக்கும் காலத்தில் அது ஓராண்டுக்கும், படிப்புக்குப் பிந்தைய ஓ.பி.டி. பணிப்பயிற்சியில் ஆறு மாதத்துக்கும் செல்லும். அந்தப் பணிப்பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர், டி.எஸ்.ஓ. செவிஸில் பரிந்துரையைப் பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும். படிப்பு முடிந்தபின் ஊர் திரும்பவோ, வேறு நிறுவனத்துக்கு மாறவோ 60 நாள் அவகாசம் உண்டு. அனுமதி பெற்றுப் படிப்பை இடையில் விட்டவருக்கு 15 நாள்தான்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய ஐ-20 வரும். புதியது வந்துவிட்டதென்று பழையதைக் கிழித்துப் போட வேண்டாம். பின்னாளில் வேலை விசாவுக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது முதல் படிவத்திலிருந்து அனைத்தையும் கேட்கக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி, ஸ்கேன் செய்த படிகளையும் தனியே சேமித்து வைக்க வேண்டும்.