ஆங்கிலக் கேட்டல் பாடம்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பல வகுப்புகளிலும் ரியூசன் கொட்டில்களிலும் கேட்டல் பாடம் ஒரு சோதனையாகவே நடக்கிறது. ஒலிப்பதிவைப் போடுவார்கள், பத்துக் கேள்வி, திருத்தம், அத்தோடு சரி. பிள்ளை எந்த இடத்தில் தவறவிட்டது என்று பார்ப்பதில்லை. பெரிய தவறு இதுதான். விடை பிழைத்தால் அந்த வசனத்தை மட்டும் மூன்று தரம் போட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். சிக்கல் எங்கே என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விளங்கட்டும் என்று சொல் சொல்லாக நிறுத்தி வாசிப்பதும் கெடுதல். 'பிக் இற் அப்' என்று பழகிய காதுக்கு, இயல்பான பேச்சில் வரும் 'பிக்கிற்றப்' புதுச் சொல்லாகத் தோன்றும். வேகத்தைக் குறைக்காமல், வசனங்களுக்கிடையே 3, 4 செக்கன் விடுங்கள்.

தமிழ்க் காதின் சிக்கலை மறந்துவிடுகிறோம். 'பால்', 'பஸ்' இரண்டுக்கும் நமக்கு எழுத்தில் ஒரே 'ப'. அதனால் ஆங்கிலத்தில் குண்டூசியும் (pin) குப்பைத்தொட்டியும் (bin) பிள்ளைக்கு ஒரே 'பின்'தான். வாய்க்கு முன் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்லிக் காட்டுங்கள்: குண்டூசிக்கு மூச்சுப் பட்டு அது ஆடும், மற்றதற்கு அவ்வளவு ஆடாது. பிறகு கொப்பியால் வாயை மறைத்துப் பத்துத் தரம் சொல்லுங்கள். குண்டூசிக்கு வலக்கை, தொட்டிக்கு இடக்கை உயர்த்தட்டும். மாறி மாறி ஒழுங்காகச் சொன்னால் கேட்காமலே ஊகித்துவிடுவார்கள், வரிசையைக் குழப்புங்கள்.

சோடி வேலைக்குப் பருத்தித்துறை பஸ் நேர அட்டவணை நல்லது. ஒருவரிடம் உள்ள நேரம் மற்றவரிடம் இருக்கக்கூடாது, ஆங்கிலத்தில் கேட்டு எழுதட்டும். 7.15, 7.50 போன்றவற்றைக் கட்டாயம் சேருங்கள். 15இல் அழுத்தம் பின்னசையிலும் 50இல் முன்னசையிலும் விழும். பிள்ளைகள் வழுக்குவது அங்கேதான். முகம் பார்த்து இருத்தினால் தாளை எட்டிப் பார்ப்பார்கள், முதுகோடு முதுகாக இருத்துங்கள். 40 பிள்ளைகளும் ஒன்றாகப் பேசினால் இரைச்சல்தான் மிஞ்சும். பாதிப் பேர் பேச மற்றவர்கள் எழுத்து வேலை செய்யட்டும், 10 நிமிடத்தில் மாற்றுங்கள்.

கேட்டு மீள எழுதும் பயிற்சிக்கு 60 முதல் 80 சொல் போதும். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) செய்யும் முறை போல, படிப்படியாகப் போகும் பழகிய விடயமாகத் தெரிவுசெய்யுங்கள். முதல் வாசிப்பில் பேனையைத் தொட விடாதீர்கள். தொட்டால் முதல் வசனத்தை எழுதிக்கொண்டே மூன்றாவதைத் தவறவிடுவார்கள். இரண்டாவதில் முக்கிய சொற்களை மட்டும் குறித்து, நால்வர் குழுவாகச் சேர்ந்து பந்தியைக் கட்டட்டும். கெட்டிக்காரப் பிள்ளையிடம் பேனையைக் கொடுத்தால் மற்ற மூவரும் சும்மா இருப்பார்கள், எழுதுபவர் வேறொருவராகட்டும். கடைசியில் மூலத்தோடு ஒப்பிடும்போது, விடுபட்டவை பெரும்பாலும் அழுத்தமின்றி ஒலிக்கும் சிறு சொற்களாகவும் இறந்தகால விகுதிகளாகவும் இருக்கும். அடுத்த பாடத்தை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.