வான் கூரைமேல் ஏற்றும் சாமான் நனையாமல் ஊர் போய்ச் சேர

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி நேரே யாழ்ப்பாணம் போகிற குடும்பங்களுக்கு வானுக்குள் இடம் போதாது. ஆளுக்கு 23 கிலோப் பெட்டி ஒன்றோ இரண்டோ, கைப்பொதிகள், பிள்ளைகளின் சாமான். இதற்குள் கூட்டிப்போக வந்த சொந்தக்காரரும் ஏற வேண்டும். கடைசியில் பாதிப் பெட்டிகள் கூரைமேல் இருக்கிற கரியருக்குப் போகும். சாரதி ஒரு படங்கைப் போர்த்தி நைலோன் கயிற்றால் கட்டிவிடுவார். வெயிலுக்கும் தூறலுக்கும் அது போதும். நல்ல மழைக்குப் போதாது.

மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஓடுகிற வானுக்கு மழை மேலிருந்து விழுவதில்லை, முன்னாலிருந்து அடிக்கிறது. படங்கின் முன்விளிம்பைக் காற்று தூக்கிவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து, வெளியேற வழியில்லாமல் பெட்டிகளுக்கு இடையில் நிற்கும். சாதாரணச் சூட்கேஸின் சிப் துணி நாடாவில் தைத்தது. ஊசி போன துளை ஒவ்வொன்றாலும் நீர் ஊறும், சில்லுகளைப் பூட்டிய திருகாணித் துளைகளாலும் இறங்கும். கடினப் பிளாஸ்டிக் பெட்டியை நம்புகிறவர்கள் பலர். அதன் ஓடு நனையாது. இரண்டு ஓடும் சந்திக்கிற சிப் வழியாக உள்ளே இருக்கிற சேலைகள் நனையும்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வடக்கு கிழக்கில் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிசம்பர் விடுமுறைக்குப் போகிறவர்கள் அதற்குள்தான் போகிறார்கள். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மழையை மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணம் அப்போது காய்ந்து கிடக்கும், உண்மைதான். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொழும்பு, நீர்கொழும்புப் பக்கத்துக்கு மழை கொண்டுவரும். புறப்பட்ட முதல் மணித்தியாலத்திலேயே நனைந்து, மிச்ச வழி முழுக்கப் புழுதி வாங்கிக்கொண்டு போவதும் நடக்கும்.

என் பரிந்துரை இதுதான்: பி.வி.சி. பூசிய தடித்த துணியில் செய்த, 60 முதல் 90 லீற்றர் வரை கொள்ளும் நீள்பை இரண்டோ மூன்றோ வாங்குங்கள். கார்களின் கூரைக்கென்றே 400 லீற்றருக்கு மேல் கொள்ளும் பெரிய பைகள் விற்கிறார்கள். சொந்தக் காரில் போகிறவருக்கு அது சரி. வாடகை வானில் போகிற உங்களுக்கு வேண்டாம். நிரப்பினால் இரண்டு பேராலும் தூக்க முடியாது. கரியரின் அளவுக்குப் பொருந்துமா என்பது வான் வந்து நின்ற பிறகுதான் தெரியும். அடுத்த நாள் பருத்தித்துறைக்கோ மட்டக்களப்புக்கோ வேறு வாகனத்தில் போவதென்றால் எல்லாவற்றையும் பிரித்து அடுக்க வேண்டும். சின்னப் பைகளை ஒருவரே இறக்கலாம், ஓட்டோவிலும் ஏற்றலாம். வெறுமையாக இருக்கும்போது மடித்து உங்கள் சூட்கேஸுக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோகலாம்.

கடையில் பையைக் கையில் எடுத்ததும் உட்புறத்தை வெளியே புரட்டி, துணித் துண்டுகள் சேருகிற மூட்டைப் பாருங்கள். நூல் தெரிந்தால் அது தைத்த மூட்டு. அதன்மேல் ரேப் ஒட்டியிருந்தாலும் வெயிலில் காய்ந்து காய்ந்து ஒருநாள் உரியும். நல்ல பையில் இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு விரல் அகலத்துக்கு உருகி ஒட்டியிருக்கும். நகத்தால் கிளப்பிப் பார்த்தாலும் எழும்பாது. கைபிடிகளையும் விடாதீர்கள். அவற்றைப் பையின் உடலிலேயே தைத்திருந்தால் அந்தத் தையலால் தண்ணீர் போகும். தனித் துண்டில் தைத்து, அந்தத் துண்டைப் பையில் உருக்கி ஒட்டியிருப்பதுதான் சரி.

வாயைச் சுருட்டி மூடுகிற பை சிப் வைத்த பையைவிட நம்பகமானது. குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்ட வேண்டும். அதற்கு மேற்பகுதியில் இடம் விட்டுத்தான் அடுக்க வேண்டும். முட்ட அடைத்து ஒரு சுற்றோடு கொக்கியை மாட்டினால் அந்தப் பை வாங்கிய பயனே இல்லை. சிப்தான் வசதி என்றால் இறப்பர் பூசிய, நீர் புகாத சிப்பாக இருக்கட்டும். அதன் இழுவையைக் கடைசி முனை வரை இழுத்து அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சின்ன இடைவெளியே போதும்.

எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று காட்டப் பைகளில் ஐ.பி.எக்ஸ். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் மூழ்கியிருக்கலாம். கூரைப் பயணத்துக்கு 6 இருந்தால் திருப்தியாகப் போகலாம். எண்ணே போடாமல் மழைக்கு ஏற்றது என்று மட்டும் எழுதியிருந்தால் வீட்டிலேயே சோதியுங்கள். உள்ளே பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி நிரப்பி மூடுங்கள். தோட்டத்துத் தண்ணீர்ப் பைப்பால் பத்து நிமிடம் பக்கவாட்டிலிருந்து பலமாக அடியுங்கள். பிறகு திறந்தால், தாளில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் பையின் பலவீனம். இந்தச் சோதனையைத் திருப்பிக் கொடுக்கிற தவணைக்குள் செய்துவிடுங்கள்.

வான் பேசும்போதே, "அண்ணை, மேலே கரியர் இருக்கோ? எவ்வளவு பாரம் ஏத்தலாம்?" என்று கேட்டுவிடுங்கள். ஊரில் எல்லோரும் கே.டி.எச். என்று சொல்கிற உயரக் கூரை வான்கள் பலவற்றில் கரியரே கிடையாது. கூரை தாங்கும் பாரம் வாகனத்துக்கு வாகனம் மாறும். சாதாரணக் கார்களுக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும், கரியரின் சொந்தப் பாரமும் அதற்குள் அடக்கம். அதனால் பாரமானவை கீழே வானுக்குள், உடுப்பு மாதிரி இலேசானவை மேலே.

கட்டுவதற்கு இரண்டு பொலியெஸ்டர் பட்டிகள் கொண்டுபோங்கள். நைலோன் நனைந்தால் இழுபடும், கட்டுத் தளரும். பையின் வாயும் சிப்பும் வானின் பின்பக்கம் பார்க்கட்டும். பட்டியைப் பையின் மேலால் மட்டும் போடாமல் கைபிடிகளுக்குள்ளாலும் கோத்து எடுங்கள். பட்டியின் நுனிகளைத் தொங்க விடாதீர்கள், காற்றில் அடித்து அடித்தே பையைத் தேய்த்துவிடும். கரியர் இல்லாத காரில் பட்டியைக் கதவுக்குள்ளால் கொண்டுவந்து கட்டுவார்கள். மழையில் அந்தப் பட்டி வழியே தண்ணீர் ஊறி இருக்கைக்கு வந்துவிடும், முடிந்தவரை தவிருங்கள். புறப்பட்டு அரை மணித்தியாலத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள். பிறகு முறிகண்டியில் எப்படியும் வான் நிற்கும். பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குகிற நேரத்தில் ஒருவர் கட்டைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

கடவுச்சீட்டு, நகை, பணம் மேலே போகவே கூடாது. மருந்துகளும் அப்படித்தான். கறுப்புப் பையின் உள்பக்கம் வெயிலில் நன்றாகச் சுடும். இன்சுலின் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். லித்தியம் பற்றரிகளும் சொக்லேற்றும் உங்களோடு உள்ளேயே வரட்டும். பழம், பிஸ்கற் மாதிரி மணக்கிற சாப்பாட்டையும் மேலே வைக்காதீர்கள். அநுராதபுரம், ஹபரணை, திருக்கோணேஸ்வரம் பக்கம் வானை நிறுத்திவிட்டுப் போனால் குரங்குகள் ஏறும். சுருட்டிய வாயை அவை அவிழ்க்காவிட்டாலும் பையைப் பல்லால் கிழித்துவிடும்.

ஊருக்குள் வந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் வேலிக் கதியால்கள் தழைத்து நிற்கும், முருங்கைக் கொப்பு குறுக்கே தாழ்ந்திருக்கும். 300 கி.மீ.க்கு மேல் பிசகாமல் வந்த பை வீட்டு வாசலில் கிழியலாம். ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பார்ப்பது நல்லது. கிழிந்தால் அவசரத்துக்குத் தடித்த ரேப் ஒட்டலாம். நிரந்தரமாக அடைக்க பி.வி.சி. ஒட்டுத்துண்டும் அதற்கான பசையும் வேண்டும். இரண்டும் ஒரு கைக்குள் அடங்கும், கையோடு கொண்டுபோங்கள்.

திரும்பி வரும்போதுதான் இந்தப் பைகளின் அருமை தெரியும். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனாட்டு என்று அம்மாவோ மாமியோ கட்டித் தருகிற எதுவும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் தடித்த பொலித்தீன் பையில் தனியாகக் கட்டி, அதன் பிறகு பெரிய பைக்குள் வையுங்கள். நீர் புகாத பைக்குள்ளிருந்து ஈரம் வெளியேறவும் மாட்டாது. அதனால் அரைகுறையாகக் காய்ந்த துவாயையோ உடுப்பையோ அதற்குள் சேர்க்காதீர்கள். இரவு தங்குகிற இடத்தில் வாயைத் திறந்து காற்றுப் பட விடுங்கள்.

அடுத்த முறைக்கென்று பையை ஊரிலேயே விட்டுவருவதானால், கழுவி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் தளரச் சுருட்டி வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். தகரக் கூரைக் கொட்டிலில் வைத்தால் ஒரு கோடையிலேயே மடிப்புகளில் வெடித்துவிடும்.