ஓநாய்ப் புதைபடிவத்தைப் படிப்பது எப்படி: ஒரு கடைவாய்ப்பல்லிலிருந்து தொடங்குவோம்

ஓநாய்களின் பரிணாமத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் முழு மண்டையோட்டைத் தேடுகிறார்கள். அது தேவையில்லை. கீழ்த்தாடையின் ஒரு பக்கம், அதில் முதல் கடைவாய்ப்பல், இவ்வளவு இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள் என்பதால், மற்ற எலும்புகள் நொறுங்கிய பிறகும் பல் தங்கிவிடும். அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்துபோன, ஓநாய் போன்ற பெரிய விலங்கான டைர் ஓநாயை அறிவியல் அறிந்துகொண்டதும் அப்படித்தான். 1854-இல் அமெரிக்காவின் எவான்ஸ்வில் அருகே ஓஹியோ ஆற்றங்கரையில் பற்களோடு ஒரு தாடைத் துண்டு கிடைத்தது. அதை வைத்துத்தான் தொல்லுயிரியலாளர் ஜோசப் லெய்டி அந்த விலங்கை விவரித்தார்.

படி 1: மாதிரிகளைச் சேர்ப்பது

தோண்டப் போக வேண்டியதில்லை. மார்ஃபோசோர்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் அருங்காட்சியக எலும்புகளின் முப்பரிமாண மாதிரிகளைப் பார்க்கலாம். சிலவற்றைத் தரவிறக்க அருங்காட்சியகத்தின் அனுமதி தேவைப்படும். எந்த இனம் எங்கே, எந்தக் காலத்தில் கிடைத்தது என்பதற்குப் பேலியோபயாலஜி டேட்டாபேஸ் போதும். யார் வேண்டுமானாலும் மாதிரிகளைப் பகிரும் ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் கண்ணைப் பறிக்கும் மாதிரிகள் நிறைய உண்டு. ஆனால் அருங்காட்சியகப் பதிவு எண் இல்லாத எதையும் நான் அளவெடுக்க எடுத்துக்கொள்வதில்லை. அசல் எலும்பா, வார்ப்பா, கலைஞர் செதுக்கியதா என்று தெரியாத பல்லை அளந்து என்ன பயன்?

பழகுவதற்கு லாஸ் ஏஞ்சலிஸின் லா பிரேயா தார்க் குழிகளிலிருந்து வந்த டைர் ஓநாய்களைத்தான் சொல்வேன். அங்கே 4,000-க்கும் மேற்பட்ட டைர் ஓநாய்களின் எலும்புகள் எடுக்கப்பட்டுள்ளன. தாரில் சிக்கிய இரையைத் தின்ன வந்து தாங்களும் சிக்கிக்கொண்டவை. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

படி 2: இது நாய்க் குடும்பம்தானா?

பற்களை எண்ணுங்கள். வளர்ந்த ஓநாய்க்கு 42 பற்கள். கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கமும் 3 கடைவாய்ப்பற்கள். அவற்றில் முதலாவதுதான் இறைச்சியை அறுக்கும் பெரிய பல், கார்னேசியல். கழுதைப்புலிக்கு இந்தப் பல்லோடு வரிசை முடிந்துவிடும், பின்னால் எதுவும் இருக்காது. செந்நாய்க்குக் கீழே 2 கடைவாய்ப்பற்கள்தான். ஓநாயின் கார்னேசியலில் பின்பாதி குழிவான மேடை போலிருக்கும், அதில் இரண்டு முக்கிய முகடுகள். செந்நாய்க்கு அங்கே ஒரே முகடு, கத்தி முனைபோல.

டாஸ்மேனியாவின் தைலசின் மண்டையோடு முதல் பார்வையில் அப்படியே ஓநாய்தான். ஆனால் அது பைப்பாலூட்டி, கங்காருவைப்போலக் குட்டியைப் பையில் வளர்க்கும் வகை. அண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பெரிய துளைகள், பற்கள் 46. ஓநாய்க்கு எந்த வகையிலும் நெருங்கிய உறவல்ல. ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி மண்டையோட்டை உருவாக்கிவிட்டது. இதை மனதில் வையுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 3: அளவெடுப்பது

இந்தப் படியில்தான் அதிகமாகத் தவறு நேர்கிறது, அதனால் நிதானமாகப் போவோம்.

புகைப்படத்திலிருந்து அளக்க இமேஜ்ஜே மென்பொருள் போதும். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். படத்தில் உள்ள அளவுகோலின் மேல் நேர்க்கோடு வரைந்து, 'அனலைஸ்' பட்டியலில் 'செட் ஸ்கேல்' போய், அதன் உண்மையான நீளத்தைக் கொடுங்கள். அப்புறம் பல்லின் மேல் கோடு வரைந்து அளக்கலாம். கோடு பல்லின் முகடுகளுக்கு இடையே போகக் கூடாது. கிரீடம் (ஈறுக்கு மேலே தெரியும் பகுதி) வேரைச் சந்திக்கும் இடத்தில் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை போக வேண்டும். பல் விழுந்து குழி மட்டும் இருந்தால் குழியின் நீளத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அதைப் பல்லின் நீளத்தோடு கலந்தால் அட்டவணை முழுவதும் கெட்டுவிடும்.

சரி, அளவுகோல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? பல படங்களில் அது மேசை மீது கிடக்கும், பல்லோ அதைவிட உயரத்தில், கேமராவுக்கு அருகில் இருக்கும். கேமரா மேசையிலிருந்து 40 செ.மீ உயரத்தில், பல் மேசையிலிருந்து 4 செ.மீ உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பல்லுக்கும் கேமராவுக்கும் இடைவெளி 36 செ.மீ. நாற்பதை முப்பத்தாறால் வகுத்தால் 1.11. பல் 11 சதவீதம் பெரிதாகத் தெரியும். 27 மி.மீ பல் 30 மி.மீ என்று வரும்.

மூன்று மி.மீ தானே என்று விட முடியாது. சாம்பல் ஓநாயின் கார்னேசியல் பெரும்பாலும் 30 மி.மீ-க்குள் இருக்கும், டைர் ஓநாயினுடையது அதற்கு மேல்தான் பெரும்பாலும் தொடங்கும். அளவுகோலை வைத்த இடம் ஒரு சாதாரண ஓநாயை டைர் ஓநாய் ஆக்கிவிடும். அதனால் அளவுகோல் பல்லின் மட்டத்திலேயே இருக்கும் படங்களை மட்டும் பயன்படுத்துங்கள். முடிந்தால் முப்பரிமாண மாதிரிக்கே போய்விடுங்கள். முப்பரிமாண மாதிரிகளைத் திறக்கும் மெஷ்லேப் மென்பொருளில் உள்ள அளவிடும் கருவி எளிது. இந்த வேலைக்குப் பிளெண்டர் போன்ற பெரிய முப்பரிமாண மென்பொருள் தேவையில்லை.

படி 4: அளவை மட்டும் நம்பாதீர்கள்

இன்றைய சாம்பல் ஓநாய்களிலேயே அரேபியாவில் வாழ்பவை ஏறத்தாழ 20 கிலோதான், வட அமெரிக்காவின் வடபகுதியில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். ஒரே இனம்தான். ஆகவே ஒரு பல் சிறியது என்பதற்காகப் புது இனம் என்று சொல்லிவிடாதீர்கள். நீளம், அகலம், பின்மேடையின் வடிவம், பற்களுக்கிடையே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 5: காலம்

எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற தகவல் இல்லாத எலும்பைப் பரிணாம மரத்தில், அதாவது எந்த இனம் எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் படத்தில், எங்கே வைப்பது? கதிர்க்கரிமக் காலக்கணிப்பு சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் உதவும். அதற்கு முந்தையவற்றுக்கு எரிமலைச் சாம்பல் அடுக்குகள், உடன் கிடைத்த விலங்குகள் போன்றவற்றை நம்ப வேண்டும். கனடாவின் யூக்கான் பகுதியில் உறைநிலத்திலிருந்து 2016-இல் கிடைத்த ஓநாய்க்குட்டி சுமார் 57,000 ஆண்டுகள் பழமையானது. உரோமம்கூட அப்படியே இருக்கிறது.

படி 6: மரம் வரைவது

தாடைகளைக் கால வரிசையில் அடுக்குங்கள். வட அமெரிக்காவில் சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நரியைவிடச் சிறிய ஹெஸ்பெரோசயான், பின்னர் ஆசியாவுக்குக் கடந்த யூசயான், யூரேசியாவின் கேனிஸ் எட்ரஸ்கஸ், கேனிஸ் மாஸ்பாகென்சிஸ், கடைசியில் சாம்பல் ஓநாய். இவற்றை அப்பா, மகன், பேரன் என்று ஒரே கோட்டில் இணைத்துவிடாதீர்கள். நடுவே கிளைத்து அழிந்தவை ஏராளம்.

டைர் ஓநாயை எங்கே வைப்பது? பல்லையும் மண்டையோட்டையும் பார்த்தவர்கள் நெடுங்காலம் அதைச் சாம்பல் ஓநாய்க்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். 1918-இல் தொல்லுயிரியலாளர் ஜான் மெரியம் அதற்கு ஏனோசயான் என்ற தனிப் பேரினப் பெயரை முன்வைத்தார், ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 2021-இல் 5 எலும்புகளின் டி.என்.ஏ வெளியானது. அந்த ஆய்வின் கணக்குப்படி டைர் ஓநாயின் கிளை சுமார் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. மெரியமின் பெயர் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. தைலசினில் பார்த்த அதே விஷயம், இந்த முறை ஒரே குடும்பத்துக்குள். ஒத்த தோற்றம் வரும்போதெல்லாம் இது மூதாதையிடமிருந்து வந்ததா, வேட்டை முறையிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். மரத்தில் உறுதியில்லாத கிளையைப் புள்ளிக்கோடாக வரையுங்கள்.

பிற்சேர்க்கை: மெஷ்லேபில் பல்லின் நீளம் 0.027 என்று வருவதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாதிரிக் கோப்புகளில் பெரும்பாலும் அலகு பதிவாகியிருக்காது. அவருடையது மீட்டரில் இருக்கிறது, ஆயிரத்தால் பெருக்கினால் 27 மி.மீ. மாதிரியோடு தந்த ஏதாவது ஒரு அளவோடு எப்போதும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் மிகச் சிறிய கார்னேசியல் ஒன்றை அனுப்பிக் குள்ள இனமா என்று கேட்டார். அது குட்டியின் தாடை. குட்டிகளுக்குக் கீழ்த்தாடையில் நான்காவது பால் முன்கடைவாய்ப்பல்தான் கார்னேசியல் வேலையைச் செய்யும், வடிவமும் முதல் கடைவாய்ப்பல்லின் சிறு நகல் போலவே இருக்கும். அந்தப் பல்லின் அடியிலோ பின்னாலோ முளைக்காத பல் எலும்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.