ஏபிசி நொட்டேஷன்: கமா போட்டால் சுரம் நீளாது

வயலின் வகுப்பில் ச ரி க ம எழுதி எழுதியே கை பழகியவள் நான். 'க' இரண்டு அட்சரம் நிற்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு கமா, அவ்வளவுதான். அதே பழக்கத்தில் ஏபிசி நொட்டேஷனில் இறங்கி, முதல் மெட்டிலேயே நாலைந்து கமாவைத் தூவிவிட்டு ஒலிக்க விட்டேன். ஒரு சுரமும் நீளவில்லை. பொத்துப் பொத்தென்று கீழ் ஸ்தாயியில் விழுந்தன.

ஏபிசி என்பது கிறிஸ் வால்ஷா உருவாக்கிய முறை. மெட்டை வெறும் எழுத்தாகத் தட்டினால் போதும், ஐந்து கோட்டு ஸ்டாஃப் தாளாகவும் ஒலியாகவும் மென்பொருள் மாற்றித்தரும். ஈசிஏபிசி என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம், ஏபிசிஜேஎஸ் என்ற நிரல் கொண்டு ஓடும் இணைய எடிட்டரில் ஒட்டியும் பார்க்கலாம். இங்கே நான் எழுத்துகளின் ஒலியைத்தான் தருகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தாகவே தட்டுங்கள்.

எக்ஸ்:1
டீ:முதல் மெட்டு
எம்:4/4
எல்:1/8
கே:சி
சி2 டி2 இ2 ஜி2 | ஏஜி இடி சி4 |]

எக்ஸ் மெட்டின் எண். டீ தலைப்பு, எம் தாளக் கணக்கு, கே மெட்டின் ஸ்கேல். எக்ஸ் முதலில், கே கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நடுவே காலி வரியும் விடாதீர்கள். காலி வரி வந்தால் மெட்டு முடிந்தது என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

எல் வரியில்தான் நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். எண் போடாத ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அதுதான் சொல்கிறது. எழுதாமல் விட்டால், எம் வரியைப் பார்த்து மென்பொருளே ஓர் அளவை எடுத்துக்கொள்ளும்: தாளப் பின்னம் 0.75-க்குக் குறைந்தால் 1/16, இல்லாவிட்டால் 1/8. 4/4-இல் சரியாக ஒலித்ததை 2/4-க்கு மாற்றினேன், இரட்டை வேகத்தில் பறந்தது. அன்றிலிருந்து எல் வரி இல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

இனி சுரங்கள். பெரிய எழுத்து சி முதல் பி வரை ஒரு ஸ்தாயி, சின்ன எழுத்துகள் அதற்கு மேல் ஸ்தாயி. அதற்கும் மேலே போக, சின்ன எழுத்தின் பின்னால் ' குறி. பெரிய எழுத்துக்குப் பின்னால் கமா வந்தால் ஒரு ஸ்தாயி கீழே. நீளத்துக்கு எண்: ஜி2 இரட்டிப்பு, ஜி/2 பாதி. மௌனத்துக்கு சின்ன இசட், அதுவும் இதே எண்களை ஏற்கும். சேர்த்துத் தட்டிய, நீளம் குறைந்த சுரங்கள் தாளில் ஒரே கட்டையால் இணையும், இடைவெளி விட்டால் பிரியும். காதுக்கு இதில் வித்தியாசமே இல்லை.

கே வரியை லேசாக எண்ண வேண்டாம். கே:டி என்று போட்டாலே எஃப், சி இரண்டும் ஷார்ப் ஆகிவிடும், அதாவது அரைச் சுரம் ஏறிவிடும். நான் ஒவ்வொரு எஃப்புக்கும் விடாமல் ^ போட்டு, தாள் முழுக்க வேலியடைத்த மாதிரி ஆக்கிவைத்திருந்தேன். வழக்கத்துக்கு மாறாக ஒரு சுரம் வரும் இடத்தில் மட்டும் குறி போதும்: ஷார்ப்புக்கு ^, அரைச் சுரம் இறங்கும் ஃப்ளாட்டுக்கு _, இயல்புக்கு =. குறி எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். அது அந்தக் கட்டம் முடியும்வரை செல்லும். அடுத்த | வந்ததும் போய்விடும்.

திரும்ப வாசிக்க வேண்டிய பகுதியை |: , :| இரண்டுக்கும் நடுவே வையுங்கள். ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டியவை [சிஇஜி] போலச் சதுர அடைப்பில்.

எங்கேயோ இடிக்கிறது என்றால் முதலில் விரல்விட்டு எண்ணுங்கள். மேலே உள்ள மெட்டில் ஒவ்வொரு கட்டமும் எட்டு வர வேண்டும்: 2, 2, 2, 2, அடுத்ததில் 1, 1, 1, 1, 4. எண்ணிக்கை சரியாக இருந்தும் காதுக்கு ஒட்டவில்லையா? கமாக்களைத் தேடுங்கள்.