ஸ்டார்ட் பண்ணும் முன் வண்டி மேல் உட்காருங்கள்

என் இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது விழுந்து வந்ததல்ல, ஸ்டார்ட் பண்ணும்போது வந்தது. முந்தின நாள் சரிவில் நிறுத்தியதால் வண்டி உருளாமலிருக்க முதல் கியரில் விட்டிருந்தேன். சரியான பழக்கம்தான். ஆனால் காலையில் அது அடியோடு மறந்துபோனது. ஹெல்மெட் போடுவதற்குள் இன்ஜின் சூடாகட்டும் என்று பக்கத்தில் நின்றபடியே எட்டி செல்ஃபை அழுத்தினேன். வண்டி ஒரே எகிறு எகிறியது, சைடு ஸ்டாண்டு மடங்கியது, மொத்த எடையும் என் காலில். அன்றிலிருந்து, எவ்வளவு அவசரமானாலும், மேலே உட்காராமல் சாவியைத் தொடுவதில்லை.

உட்கார்ந்த பிறகு முதல் வேலை நியூட்ரல் பார்ப்பது, அதாவது வண்டி எந்தக் கியரிலும் இல்லை என்று உறுதி செய்வது. மீட்டரில் எரியும் பச்சை நியூட்ரல் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். அது கியர்பாக்ஸில் உள்ள ஒரு சின்ன சுவிட்ச் சொல்வதைத்தான் காட்டுகிறது; சுவிட்ச் தேய்ந்தால் விளக்கும் பொய் சொல்லும். கிளட்சை விட்டுவிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருண்டால் நியூட்ரல். முட்டிக்கொண்டு நின்றால் கியரில் இருக்கிறது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினால் எந்தக் கியரிலும் உருளும், சோதனைக்கே அர்த்தமில்லை. புதிதாகக் கற்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நியூட்ரல்தான் என்று உறுதியான பிறகும் கிளட்சை முழுதாகப் பிடியுங்கள், முன் பிரேக்கையும் பிடியுங்கள். "நியூட்ரலில் எதற்குக் கிளட்ச்?" என்று என் தங்கை கேட்டாள். நியூட்ரல் என்று நினைத்தது தப்பாகிவிட்டால் காப்பாற்ற ஒன்று வேண்டாமா? தவிர, கியர்பாக்ஸைச் சுற்றும் சுமை குறைவதால் செல்ஃப் மோட்டாருக்கும் வேலை லேசாகும். ஆனால் கிளட்ச் பிடித்திருக்கிறோமே என்று கியரிலேயே ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறிக் கிடப்பவை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்தாலும் முழுதாகப் பிரியாது, வண்டி இழுக்கும். குளிர்ந்த வண்டியில் முதல் கியர் போடும்போது 'டொக்' என்று ஒரு குலுக்கல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்போதும் முன் பிரேக் கையில் இருக்கட்டும்.

ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். ஆனால் சாவி போடும் முன் ஒரு தடவை முறுக்கி விட்டுப் பாருங்கள்: பட்டென்று தானாகத் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினால் அதைச் சரி செய்யாமல் கிளம்பாதீர்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் 'ங்ஈ' என்று இரண்டு மூன்று வினாடி முனகும். அது அடங்கட்டும், அப்புறம் செல்ஃப். கார்புரேட்டர் உள்ள பழைய வகை வண்டிக்கு, இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும் லீவர்) போட்டால் போதும்.

செல்ஃபை ஒரே மூச்சில் ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து வினாடி விட்டு மறுபடி முயலுங்கள். இல்லையென்றால் மோட்டார் சூடாகும், பேட்டரி சாகும். மூன்று தடவைக்கும் மசியவில்லை என்றால் கில் சுவிட்சை, அதாவது ஹேண்டிலில் உள்ள இன்ஜினை அணைக்கும் சுவிட்சை, பாருங்கள். சில வண்டிகளில் அது அணைந்திருந்தாலும் செல்ஃப் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. நான் கால் மணி நேரம் அப்படி மல்லுக்கட்டியிருக்கிறேன். வெட்கக்கேடு, விடுங்கள்.

கிக்கர் என்றால் செருப்போடு உதைக்க வேண்டாம். ஷூவின் நடுப்பாகத்தை வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கியபடி, லீவரை அடிவரை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பாதியில் விட்டால் இன்ஜின் திருப்பி உதைக்கும். விறைப்பாக நீட்டிய கால் அந்த அடியை முட்டியில் வாங்கும்.

மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும்போதுதான் தெரியும். வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகே சாவி.

இன்ஜின் பிடித்ததும் உறுமவிடாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். அந்த நேரத்தில் நியூட்ரலிலேயே ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அந்த வண்டி நீங்கள் வளையும்போது தானாக வேகமெடுக்கும், அன்றைக்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், அதுவும் தள்ளிக்கொண்டு.

கடைசியில் சைடு ஸ்டாண்டு. இறக்கியபடி கியர் போட்டால் இன்ஜினை அணைத்துவிடும் சுவிட்ச் பல வண்டிகளில் உண்டு. என் பழைய வண்டியில் அது இல்லை. இடப்பக்கம் வளையும்போது ஸ்டாண்டு தரையில் இடித்தால் வண்டியையே தூக்கி எறியும். அதனால் குதிகாலால் பின்பக்கமாக ஒரு தட்டுத் தட்டி, அது மேலேதான் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு முதல் கியர்.